ஊசியின் பலன் நான்காம் நாள் தெரிந்தது ஏன்? – அனுபவப் பகிர்வு

இமை இழுப்புக்கு மருத்துவம் பெறுபவர்:
கண் இமைகள் என் விருப்பமின்றி இறுக மூடிக்கொள்ளும் பிளெஃபரோஸ்பாசம் என்னும் கோளாறுக்காக, ஆண்டுக்கு நான்கு முறை போட்டுலினம் என்னும் நுண்ணுயிர் நச்சை மருந்தாகக் கொண்ட ஊசி போட்டுக்கொள்கிறேன். முதல் ஊசி போட்ட அன்று எந்த மாற்றமும் இல்லாததால் மருந்தையே சந்தேகித்தேன். நான்காம் நாள் காலையில் இமைகள் தளர்ந்தன. மூன்று மாதங்களில் இழுப்பு மெல்லத் திரும்பியது. காரணம் தேடியபோதுதான் நரம்பு முனைக்குள் நடப்பதை அறிந்தேன். அங்கே தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் காத்திருக்கின்றன. நுண்பையின் மேலுள்ள சினாப்டோபிரெவின் என்னும் புரதமும், முனைச் சவ்விலுள்ள சின்டாக்சின், ஸ்னாப்-25 ஆகிய புரதங்களும் கயிற்றுப் புரிகளைப் போல முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் நெருக்கிப் பிடிக்கின்றன. மின்துடிப்பு வந்து கால்சியம் உள்ளே பாய்ந்ததும், சினாப்டோடாக்மின் என்னும் புரதம் அதை உணர்ந்துகொள்ள, ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் சவ்வுகள் கலந்து அசிட்டைல்கோலின் வெளியேறுகிறது. எனக்குப் போடப்படும் ஏ வகை நச்சு, ஸ்னாப்-25 புரதத்தின் நுனியிலிருந்து 9 அமினோ அமிலங்களை மட்டும் வெட்டிவிடுகிறது. அதன்பின் மூளையின் கட்டளை வருகிறது, கால்சியமும் நுழைகிறது, நுண்பை திறப்பதில்லை. நச்சு உள்ளே புகுந்து போதிய புரதத்தை வெட்டுவதற்குச் சில நாட்கள் ஆகின்றன. அந்த நச்சு சிதைந்து, முழுமையான புரதம் மீண்டும் உருவாவதற்கோ மாதங்கள் ஆகின்றன.

ஓய்வுபெற்ற செவிலியர்:
இதைப் படித்ததும் 1980களில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் பார்த்த ரணஜன்னி (டெட்டனஸ்) நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். அறையை இருட்டாக்கி, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டு வைப்போம். ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட நோயாளியின் உடல் வில்லாக வளைந்துவிடும். ரணஜன்னிக் கிருமியின் நச்சு வெட்டுவது சினாப்டோபிரெவினை என்று 1992இல் இத்தாலியின் படுவா நகர ஆய்வாளர்கள் காட்டியதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: பி வகை போட்டுலினம் நச்சும் அதே புரதத்தை அதே இடத்தில்தான் வெட்டுகிறது, ஆயினும் ஒன்று தசையைத் துவள வைக்கிறது, மற்றது இரும்பாக இறுக்குகிறது. ரணஜன்னி நச்சு நரம்பின் வழியே தண்டுவடம் வரை ஏறிச் சென்று, தசையை அடக்கி வைக்கும் நரம்பணுக்களில் கிளைசின், காபா ஆகிய அடக்கும் வேதிப்பொருள்கள் வெளியேறுவதைத் தடுத்துவிடுவதே அதற்குக் காரணம்.

பழ ஈ ஆய்வகத்தில் பணிபுரிந்தவர்:
நுண்பை திறந்தபின், முறுக்கிக்கொண்ட அந்தப் புரதங்களைப் பிரிப்பது எது என்ற கேள்விக்கு எனக்கு ஈக்கள் விடை சொல்லின. ஒபைத் சித்திக்கி, சீமோர் பென்சர் ஆகிய ஆய்வாளர்கள் 1976இல் விவரித்த ‘கோமட்டோஸ்’ என்னும் திடீர்மாற்ற ஈக்களை 38 பாகை வெப்பத்தில் வைத்தால் செயலற்று விழுந்துவிடும். அவற்றில் பழுதானது என்எஸ்எஃப் புரதத்தின் மரபணு. வேலை முடித்த புரிகளை, உயிரணுவின் எரிபொருளான ஏடிபியின் ஆற்றலைச் செலவிட்டு அவிழ்ப்பது அந்தப் புரதம்தான். அது முடங்கினால் முறுக்கிய புரிகள் அப்படியே குவிந்துகிடக்க, அடுத்த நுண்பைகளுக்குப் புதிய புரிகள் கிடைப்பதில்லை. ஈக்கள் இருந்த குழாயைக் குளிர்ந்த அறைக்கு மாற்றியதும் எழுந்துவிடும் என்று காத்திருந்தேன். உணவு உண்டு திரும்பியபோதும் பல ஈக்கள் மல்லாந்தே கிடந்தன.