வீட்டுப் பிரசவம்னு முடிவு பண்ணி, பாதியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினவங்க இருக்கீங்களா?

நானே ஆரம்பிக்கிறேன். எனக்குத் தலைப்பிரசவம். ராத்திரி 2 மணிக்கு கர்ப்பப்பை வாய் 6 சென்டிமீட்டர் திறந்திருந்தது. விடிஞ்சு 6 மணிக்குப் பார்த்தாலும் அதே 6. வலி மட்டும் விடவே இல்லை. நடந்தேன், குனிஞ்சேன், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தேன், ஒண்ணும் அசையலை. "கிளம்பலாமாம்மா?"ன்னு மிட்வைஃப் கேட்டதுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்னு கெஞ்சினேன். சரின்னார். ஆனா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை டாப்ளர்ங்கிற கைக்கருவியை வயித்துல வச்சு குழந்தையோட இதயத்துடிப்பைக் கேட்கிறதை நிறுத்தலை.

அந்த ஒரு மணி நேரம் முடியலை, பனிக்குடம் உடைஞ்சுது. துணியில் பச்சையா, கெட்டியா கறை. பிள்ளை உள்ளேயே மலம் போயிடுச்சு. அவர் பதறவே இல்லை. ஒரு கையால் அந்தத் துணியைச் சுருட்டிக்கிட்டே மறு கையால் போனை எடுத்தார். இந்தத் தடவை என்னைக் கேட்கலை.

ஆஸ்பத்திரியில் யாரும் முதலிலிருந்து கதை கேட்கலை. மணி வாரியா அவர் எழுதி வச்ச தாளே போதுமா இருந்தது. ட்ரிப்ஸ் ஏத்தி, முதுகில் ஊசி போட்டு, மத்தியானம் சுகப்பிரசவம்.

2011-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரங்களில் 100-க்கு 45 பேர் பிரசவத்தின்போதோ முடிஞ்ச கையோடயோ இடம் மாறியிருக்காங்க. ஏற்கெனவே பெத்தவங்களில் 12 பேர்தான். மிட்வைஃப் இதை முன்னாடியே சொல்லியிருந்தார். நான்தான் அந்த 55-ல் இருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன். "அப்பவே சொன்னோமே"ன்னு சொந்தக்காரங்க சொன்னதுதான் தையலைவிட வலிச்சுது.

*

எங்களுக்கு இது ரெண்டாவது. (நான் அப்பா.) பிள்ளை பிரச்சினையே இல்லாம வந்தான். நஞ்சுக்கொடிதான் வரலை. ஒரு மணி நேரம் வரைக்கும் பார்க்கலாம்னு பேச்சு. 40-வது நிமிஷம் ரத்தம் கூடுச்சு. மருத்துவச்சி ஈரமான விரிப்பை எல்லாம் தராசில் போட்டு, காய்ஞ்ச விரிப்போட எடையைக் கழிச்சார். ஒரு கிராம்னா கிட்டத்தட்ட ஒரு மில்லியாம். நான் கண்ணால் பார்த்து 'கொஞ்சம்தானே'ன்னு நினைச்சது 500-ஐத் தாண்டியிருந்தது. உடனே தொடையில் ஊசி, ஆம்புலன்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் நஞ்சைக் கையால் எடுத்தாங்க. அதுவரைக்கும் பிள்ளை என் சட்டைக்குள்ள, நெஞ்சோட ஒட்டிக்கிட்டுத் தூங்கினான்.

எடுத்து வச்ச பையில் அவனுக்கு எட்டு ஜோடி துணி. அவளுக்குச் செருப்புகூட இல்லை.

*

மேலே எழுதினவங்க யாரும் மாடிப்படியைப் பத்திச் சொல்லலையே. எனக்குக் காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ் ஏறினதால் கிளம்பச் சொன்னாங்க, அவசரம் இல்லாத மாற்றம்தான். ஆனா எங்க படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பலை. ரெண்டு வலிக்கு நடுவில் ஒரு தளம்னு நடந்தே இறங்கினேன், மூணு தளம். மாடி வீட்டில் இருக்கிறவங்க இப்பவே ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்த்துடுங்க.