ஜப்பான் சிட்டிசன்ஷிப் விஷயத்துல உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

மதுரைக்காரன்:
எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல அறுக்குது, அதான் எழுதறேன். நான் மதுரை, வொய்ஃப் ஒசாகா, பையன் பொறந்தது கலிபோர்னியாவுல, 2017 மார்ச் 3. அமெரிக்க மண்ணுல பொறந்ததால அந்த குடியுரிமை தானா வந்துருச்சு. ஜப்பான்ல கொசேகிங்கற குடும்பப் பதிவேட்டுக்கு 3 மாசத்துக்குள்ள பிறப்ப பதியணும், அதே ஃபார்ம்லயே 'ஜப்பான் குடியுரிமைய வச்சுக்கறோம்'னு கையெழுத்தும் போடணும், தவறினா அந்தக் குடியுரிமை போயிடும், உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லாம அலைஞ்சதுல நாங்க கன்சுலேட் போனது ஜூன் 6. கவுன்ட்டர்ல இருந்த அம்மா ஒரு சின்ன காலண்டர எடுத்து பென்சிலால மார்ச் 3ஐ தொட்டாங்க, அப்புறம் ஜூன் 2ஐ தொட்டாங்க, அப்புறம் எங்கள நிமிந்து பாத்தாங்க. ஒரு வார்த்த பேசல. வொய்ஃப் முந்தின நாள் ராத்திரியே அந்த வரிக்கு நேரா கையெழுத்து போட்டு வச்சிருந்தா. ஃபார்ம ரெண்டா மடிச்சு பையில வச்சுக்கிட்டா. கார்ல வரும்போது "அப்போ என் கொசேகில இவன் பேரு வராதா"ன்னு மட்டும் கேட்டா. நான் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டே இருந்தேன்.

யாழ் டொரண்டோ:
அண்ணை, வாசிக்கவே நெஞ்சு கனக்குது. எங்கட கதை வேற மாதிரி. மனுசி ஃபுக்குவோக்கா. 2011ல ரெண்டு பேரும் ஒண்டா நிண்டு கனடா சத்தியப்பிரமாணம் எடுத்தனாங்கள், அந்தப் படம் இப்பவும் சுவரில கிடக்கு. 2018ல அவவின்ர ஜப்பான் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போக, கனடாவில இருக்கிறதுக்கான பிஆர் கார்டைக் காட்டச் சொல்லிக் கேட்டவை. சிட்டிசன் ஆன ஆளிட்ட அந்தக் கார்ட் எங்க இருக்கும், இவ ஒண்டும் யோசிக்காமல் கனடா பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிட்டா. ஜப்பான் குடியுரிமைச் சட்டத்தில 11ஆம் பிரிவு எண்டு ஒண்டு, தானா விரும்பி வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தா அந்த நிமிசமே ஜப்பான் குடியுரிமை போயிடும், ஒருத்தரும் வந்து பறிக்கத் தேவையில்லை. அதாவது அது போய் ஏழு வருசத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அடுத்த வருசம் தாய் சுகமில்லாமல் கிடக்கிறா எண்டு ஓடினம். ஃபுக்குவோக்கா ஏர்போர்ட்டில வெளிநாட்டுக்காரர் லைனில நிண்டு, ரெண்டு சுட்டு விரலையும் மெஷினில வைச்சு ரேகை குடுத்தா, தான் பிறந்த ஊரில. ஐரோப்பாவில இருக்கிற 8 பேர் இந்தப் பிரிவுக்கு எதிரா டோக்கியோவில வழக்குப் போட்டவை, 2021 ஜனவரியில தள்ளுபடி. அண்டைக்கு இவ ஒரு வாய் சாப்பிடேல்லை.

நிஷிகசாய் அப்பா:
என் பொண்ணுக்கு இந்தியா பாஸ்போர்ட் எடுக்க ஆசப்பட்டேன், ஜப்பான் பாஸ்போர்ட் கையில இருந்தா முடியாதுன்னுட்டாங்க, வெளிநாட்டு குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்கு தர்ற ஓசிஐ கார்டுதான் எடுத்தோம், என் கதை அவ்வளவுதான். மதுரைக்காரன் சார், தப்பா எடுத்துக்காதீங்க, 3 மாசம்னா பொறந்த நாளையும் சேத்துதான் எண்ணுவாங்க, இத பிரசவத்துக்கு முன்னாடியே காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கணும். உங்க கைய மீறின காரணம்னா பதிய முடியற நிலைமை வந்த நாள்லேர்ந்து 14 நாள் தருவாங்க, அத அங்கயே கேட்டிருக்கலாமே? இப்பவும் வழி இருக்கு, பையனுக்கு 18 ஆகறதுக்குள்ள ஜப்பானுக்கு குடி வந்து இங்க அட்ரஸ் இருந்தா ஹோமுக்யோகுங்கற சட்ட விவகார ஆபீஸ்ல மனு குடுத்து திரும்ப வாங்கலாம், டூரிஸ்டா ரெண்டு வாரம் வந்து போறது கணக்குல வராது. இங்க ரெட்டைக் குடியுரிமையோட வளர்ற பிள்ளைங்க வச்சிருக்கறவங்களும் கேட்டுக்கங்க, முன்னாடி 22 வயசுக்குள்ள ஒண்ண தேர்ந்தெடுக்கணும், 2022 ஏப்ரல்லேர்ந்து அது 20 ஆயிடுச்சு, ஏன்னா மேஜர் வயச 20லேர்ந்து 18க்கு எறக்கிட்டாங்க. தேர்ந்தெடுக்கலன்னா மந்திரி நோட்டீஸ் விடலாம், ஒரு மாசத்துல ஜப்பான தேர்ந்தெடுக்கலன்னா ஜப்பான் குடியுரிமை போயிடும்னு சட்டத்துல இருக்கு, இதுவரைக்கும் யாருக்கும் அப்படி நோட்டீஸ் விட்டதில்ல. விட மாட்டாங்கன்னு உக்காந்திருக்காதீங்க. இலங்கைக்காரங்களுக்கும் ஒண்ணு, ஜப்பான் சிட்டிசன் ஆனப்புறம் இலங்கை குடியுரிமைய மனு போட்டு திரும்ப வாங்கினா அதுவும் அந்த 11ஆம் பிரிவுலதான் வரும், இலங்கை அனுமதிக்குதேன்னு போயிடாதீங்க.

மதுரைக்காரன்:
சார், 14 நாள் விஷயம் அன்னிக்கே கேட்டோம். குழந்தை மே மாசமே வீட்டுக்கு வந்துட்டான், அதனால பொருந்தாதுன்னு சொன்னாங்க. 18 வயசு விஷயமும் தெரியும், வேலைய விட்டுட்டு குடும்பத்தோட குடி போற அளவுக்கு எங்களால முடியல. வட்டம் போட்டு வச்சிருக்கணும்னு நீங்க சொல்லி எனக்கு தெரிய வேண்டியதில்ல, அந்த நாள்லேர்ந்து தினமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

நிஷிகசாய் அப்பா:
மன்னிக்கணும் சார். உங்க மனசு புரியாம எழுதிட்டேன்.

ஹூஸ்டன் பொண்ணு:
அங்கிள், நான் உங்க பையன் மாதிரி வீட்ல வளந்தவ. அப்பா திருச்சி, அம்மா நகோயா, எங்கம்மா கரெக்டா ரெண்டாவது மாசமே பதிஞ்சுட்டாங்க. ஆனா பதிஞ்சுட்டா அதோட முடியல. 2019 அக்டோபர்ல, எனக்கு 22 ஆக இன்னும் மூணு வாரம், நகோயாவுல குயாக்குஷோ, அதாவது வார்டு ஆபீஸ் போய் குடியுரிமைய தேர்ந்தெடுக்கற ஃபார்ம் வாங்கினேன். அதே மாசம்தான் டென்னிஸ் நவோமி ஒசாகாவும் ஜப்பான தேர்ந்தெடுத்தாங்க, டிவில அதே பேச்சு. ஒரே ஒரு பக்கம் ஃபார்ம். அதுல முன்னாடியே அச்சடிச்சிருக்கு, 'ஜப்பான் குடியுரிமைய தேர்ந்தெடுக்கறேன், வெளிநாட்டு குடியுரிமைய கைவிடறேன்'னு. கைவிடறதுக்கு அவங்க போட்டிருந்தது ஹோகிங்கற ஜப்பானிய வார்த்தை. குழந்தைய கைவிட்டுட்டாங்கன்னு நியூஸ்ல சொல்றப்ப வர அதே மாதிரி ஒரு வார்த்தையா எனக்கு கேட்டுச்சு. இதுல கையெழுத்து போட்டதும் அமெரிக்க குடியுரிமை தானா போயிடாது, விடறதுக்கு முயற்சி பண்ணணும்னுதான் சட்டம் சொல்லுது, அதெல்லாம் படிச்சுட்டுதான் போனேன். இருந்தாலும் பேனா ஓடல. அப்பா எனக்காக ஹூஸ்டன்லேர்ந்து லீவு போட்டு வந்திருந்தாரு, பின்னாடி பெஞ்ச்ல கையில டீ கேன வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. திரும்பிப் பாத்தேன். "நீ போடும்மா, நான் எங்கயும் போயிடல"ன்னாரு. போட்டேன். கவுன்ட்டர்ல இருந்தவர் சீல் குத்தி வாங்கிக்கிட்டு, அடுத்த டோக்கன் நம்பர கூப்பிட்டாரு.