ராடாருக்கு வழிவிட்ட ரவுட்டர்

அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசலாகக் கிடந்ததால் 5 கிகாஹெர்ட்ஸில் 120ஆம் சேனலுக்குப் போனேன். வேறு ஒருவருமே இல்லை, ராஜபோகம்! ஆனால் ரவுட்டரை அணைத்துப் போட்டால் பத்து நிமிடத்துக்கு 5 கிகா பெயரே பட்டியலில் வராது. சில நாள் வீடியோ அழைப்பு நடுவில் அறுந்துபோகும். பழுது என்று நினைத்து ரவுட்டரையே மாற்றினேன். புதியதிலும் அதே கதை. கடைசியில் ரவுட்டர் எழுதிவைக்கும் குறிப்பேட்டை, அதாவது லாகைத் திறந்தால், 'ராடார் கண்டறியப்பட்டது, சேனல் மாற்றம்' என்று வரிசையாக இருக்கிறது.

என் 120ஆம் சேனல் தொடும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை வானிலை ராடார்களின் இடமாம். வைஃபை அங்கே ஒண்டுக்குடித்தனம். ஐரோப்பிய விதிப்படி நுழையும் முன் 10 நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ராடார் துடிப்பு தெரிந்தால் 10 நொடிக்குள் காலி செய்துவிட்டு, 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக் கூடாது. சரி என்று ராடார் தொல்லை இல்லாத 36ஆம் சேனலுக்கு மாறிவிட்டேன்.

---

அந்தப் பத்து நிமிடத்தைத் திட்டாதீர்கள் நண்பரே. நான் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவன். சில நாள் நடுவிலிருந்து விளிம்பு வரை ஈர்க்குச்சி வைத்தது போல ஒரு கோடு விழும். மழை அப்படி ஸ்கேல் பிடித்துப் பெய்யாது. அந்தத் திசையில் எவரோ மொட்டைமாடி வயர்லெஸ் கருவியில் நாட்டுக் குறியீட்டை மாற்றி, ராடாரைக் கவனிக்கும் வசதியை முடக்கியிருப்பார். அந்தக் கோட்டினை மென்பொருளில் அழிக்கலாம்தான். அதற்கடியில் நிஜ மழை இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். எனக்கு எரிச்சலே அதில்தான்.

---

ஒண்டுக்குடித்தனம் என்றதும் சிரித்துவிட்டேன். ஹாம்களான, அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்களான எங்களுக்கு 10.1 முதல் 10.15 மெகாஹெர்ட்ஸ் வரை அதே நிலைதான், இரண்டாம் நிலைப் பயனாளர். ஒருமுறை மோர்ஸ் தந்திக் குறியீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் நிலைக்காரரின் தரவு இணைப்பு கரகரவென்று மேலே ஏறியது. புகார் சொல்ல உரிமை கிடையாது. மோர்ஸ் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் எங்களுக்கும் ஒரு நல்ல இரவு வந்தது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் 7100 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பு நிலையங்கள்தான் இருந்தன. இருட்டினால் அவற்றின் விசில் காதைத் துளைக்கும். அவை வெளியேற வேண்டும் என்று 2003 உலக வானொலி மாநாட்டில் முடிவானது. கெடு 2009 மார்ச் 29. அன்று இரவு டயலைத் திருப்பினேன். ஒன்றிரண்டு பிடிவாதக்காரர்களைத் தவிர விசிலைக் காணோம். 7150க்குப் பக்கத்தில், மூச்சு விடுவது போல மெல்லிசாக, எவரோ தன் கால் சைனை, அதாவது தன் நிலையத்தின் அடையாளக் குறியை, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்.