எட்டுக்கால் பூச்சி: துடைப்பத்தை எடுக்கும் முன்

வீட்டுச் சிலந்திகளைப் பற்றி மலேசியாவின் நான்கு இடங்களிலிருந்து வந்த குறிப்புகள்.

கெப்போங், அடுக்குமாடி வீடு

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பிக்கொண்டு நிற்பது ஹன்ட்ஸ்மன் சிலந்தி. வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடித்துத் தின்னும். கால் விரிப்பு 7 முதல் 12 செ.மீ. வரை இருக்கும். உடம்பு தட்டை என்பதால் கதவு நிலையோரத்து விரிசலே அதற்குப் போதும். கண்ணுக்குக் கீழே முகத்தில் குறுக்காக ஓடும் வெளிர்ப் பட்டையை வைத்து அடையாளம் காணலாம்.

வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டு ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தால் அது பெண், வட்டு முட்டைப்பை. நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். பொரிக்கும் சமயத்தில் துடைப்பத்தால் அடித்தால் குஞ்சுகள் அறை முழுக்கச் சிதறும். பையோடு இருக்கும் தாய் கடிக்கவும் தயங்காது.

பிடிப்பதற்குக் காப்பிக் கிளாஸ் பத்தாது, கால் நசுங்கும். வாய் 15 செ.மீ. அகலமான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவும் பழைய நாள்காட்டி அட்டையும் வேண்டும். மெதுவாக நெருங்கி, கடைசி ஒரு சாண் தூரத்தில் மட்டும் சட்டென்று கவிழ்க்க வேண்டும். விளிம்பில் கால் மாட்டினால் அழுத்தாதீர்கள், கழன்று விழும். அதுவாக இழுத்துக்கொண்டதும் அட்டையைச் சுவரோடு ஒட்டி நுழைத்து, கீழே கொண்டுபோய்ப் புதரில் விடுங்கள்.

தரையில் ‘செத்துக் கிடப்பது’ பல நேரம் உரித்த சட்டைதான். தலைப்பக்கம் மூடி போலத் திறந்திருக்கும், கால்களுக்குள் ஒன்றும் இருக்காது. ஆள் இன்னும் பெரிதாகி வீட்டுக்குள்தான் உலாவுகிறார்.

ஜார்ஜ்டவுன், பழைய கடைவீடு

கூரை மூலையில் நூல் மாதிரிக் காலோடு தலைகீழாகத் தொங்குகிறதே ஒரு சிலந்தி, கெப்போங்காரர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உயரமான கூரையில் சேரும் ஒட்டடைக்குப் பாதிக் காரணம் அதுதான். வலையைத் தொட்டால் உருவமே மங்கும் அளவுக்கு உடம்பை உதறும். முட்டைகளை ஒரு கொத்தாக வாயில் கவ்விக்கொண்டே திரியும். உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் குட்டையாக இருப்பதால் நாம் தப்பித்தோம் என்று ஒரு கதை உலவுகிறது. சுத்தப் பொய். கொசு தின்னும் பிராணி அது. தொல்லை என்றால், வலைக்கு நேர்கீழே சுவரில் விழும் எச்சப் புள்ளிகள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் உடனே துடைத்தால் போய்விடும்.

ஒட்டடையைத் தேய்த்து எடுக்காதீர்கள். தூசி ஏறிய நூல் பெயின்டில் கறுப்புக் கோடாக இழுபடும். கம்பு நுனியில் பழந்துணி சுற்றி, பஞ்சுமிட்டாய் சுற்றுவது போலக் கம்பைத் திருப்புங்கள். தீபாவளிக்குத் தீபாவளி அடித்தால் எப்படிப் போதும்? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேண்டும்.

வாசலில் காய்ந்து சுருண்ட மாவிலைத் தோரணத்துக்குள் சின்னதாக ஒன்று குடியிருந்தால், விரலை அசைத்துப் பாருங்கள். பெரிய முன்கண் இரண்டையும் உங்கள் பக்கம் திருப்பினால் அது குதிக்கும் சிலந்தி. பாவம், விட்டுவிடலாம்.

பிரிக்பீல்ட்ஸ்

மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலந்தி நுனிக்காலில் நடக்கிறது, உடம்பு தரையில் உரசாது. கரப்பான் போலக் காலை நக்கிச் சுத்தம் செய்து மருந்தை விழுங்குவதும் குறைவு. அதனால் தரையில் அடித்து வைத்த மருந்து அதன்மேல் அவ்வளவாக வேலை செய்யாது. நேராக அடித்தால் சாகும். ஆனால் இரை இருக்கிற வரை அடுத்தது வரும்.

லோங்காங்கில் (சாக்கடையில்) புகையடித்த இரவு கரப்பான்கள் மேலே ஏறும். அன்றைக்குக் குளியலறைத் தண்ணீர்த் துளையை மூடிவையுங்கள். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் எல்இடி போட்டால் பூச்சி குறையும், சிலந்தியும் குறையும்.

பட்டர்வொர்த்

நிஜமாகவே கவனிக்க வேண்டியது பிரவுன் விடோ என்ற விஷச் சிலந்தி. பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம், பூந்தொட்டி விளிம்பு, நாள்கணக்கில் ஓட்டாத மோட்டார் சைக்கிள், இவையெல்லாம் அதன் இடங்கள். சிலந்தியைத் தேடுவதைவிட முட்டைப்பையைத் தேடுவது சுலபம்: பட்டாணி அளவில், முள்முள்ளாக, குட்டி ரம்புத்தான் மாதிரி இருக்கும். சிலந்தியின் அடிவயிற்றில் ஆரஞ்சு நிற மணற்கடிகை வடிவம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தடித்த கையுறை போட்டு, குச்சியால் பையைச் சவர்க்காரத் தண்ணீரில் தள்ளி அமிழ்த்துங்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். தசைப்பிடிப்போ வியர்வையோ வந்தால் உடனே மருத்துவமனை.

இன்னொன்று. காலையில் எழும்போது கழுத்தில் கோடு கிழித்தது போல எரிச்சலும் கொப்புளமும் இருந்தால் சிலந்தியைத் திட்டாதீர்கள். அது செமுட் சார்லி. ‘செமுட்’ என்றால் மலாயில் எறும்பு; பெயரில்தான் எறும்பு, உண்மையில் வண்டு. ஆரஞ்சும் கறுப்புமாக 1 செ.மீ.க்கும் குறைவாக இருக்கும், நெல்வயல் பக்கத்திலிருந்து விளக்கைத் தேடி வரும். கடிக்காது. தோலில் வைத்து நசுக்கினால் வரும் நீர்தான் புண்ணாக்கும். மேலே ஊர்ந்தால் ஊதிவிடுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.