நாற்காலி யோகா: யாருக்கெல்லாம் இந்த அனுபவம் உண்டு?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில ஒரு மாடி வீட்ல வகுப்பு. முதுகுவலின்னு போனேன். யூடியூப் பார்த்துப் பழகின சர்வாங்காசனத்தை, அதான் தோளை ஊன்றிக் காலை மேல தூக்கறதை, போட்டுக் காட்டலாம்னு ஜமுக்காளத்தை விரிச்சா, வாத்தியார் ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்க சார்"ங்கறார். கையைத் தூக்கும்போது மூச்சை இழுக்கணும், இறக்கும்போது விடணும். பத்து நாளா இதேதான். இதுக்கா பீஸ் கட்டினோம்னு வீட்ல புலம்பினேன்.

கேட்டே விட்டேன். கிருஷ்ணமாச்சாரியார் வழின்னார். அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1888ல சித்ரதுர்கா பக்கம் பிறந்தவர். 1930கள்ல மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில பையன்களுக்குத் துள்ளித் தாவி ஆசனம் சொல்லிக் கொடுத்திருக்கார். பட்டாபி ஜோயிஸ் பிரபலமாக்கின அஷ்டாங்க யோகாவுக்கு வேர் அங்கதான். அதே மனுஷன் பின்னாடி சென்னையில, வந்தவங்க உடம்பையும் வயசையும் பார்த்து ஆளுக்கொரு பயிற்சி கொடுத்திருக்கார். பையனுக்குத் தாவல், எனக்கு நாற்காலி! மகன் தேசிகாச்சார் 1976ல ஆரம்பிச்ச 'கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்'ங்கற சென்னை யோகா மையமும் இந்த வழிதான்.

இன்னொண்ணு. பி.கே.எஸ். ஐயங்காரும் கிருஷ்ணமாச்சாரியார் சிஷ்யர்தான், மச்சினரும்கூட. ஊர் பெல்லூர், நம்ம எல்லை தாண்டினா வர்ற அதே கோலார் மாவட்டம். சின்ன வயசுல காசநோய், மலேரியான்னு நோஞ்சானா இருந்தவர். கயிறு, கட்டை, நாற்காலியெல்லாம் வச்சு ஆசனம் பழக்கினதை உலகம் முழுக்கக் கொண்டு போனது அவர்தான்.

*

பாலக்கோட்டுல இருந்து: எங்கம்மாவுக்கு மைசூரும் தெரியாது, அரண்மனையும் தெரியாது. மனவளக்கலை மன்றம்தான். விடியக்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, கொட்டாய் ஓரமா நின்னு கைப்பயிற்சி செய்யும். அதை உருவாக்கின வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரி நெசவுக் குடும்பத்துக்காரர்னு சொன்னேன். "அதான், தறிக்குழியில உக்காந்தவருக்கு இடுப்பு வலி தெரிஞ்சிருக்கு"ன்னுச்சு.

*

ஓசூர்ல இருந்து: ஜூன் 21 யோகா தினத்துக்கு கம்பெனியில ஒரு பயிற்சியாளரைக் கூட்டிட்டு வந்தாங்க. மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்குப் பின்னாடி கொண்டு போற ஹலாசனத்துல, கால் தரையைத் தொடலைன்னு அவரே புடிச்சு அமுக்கினார். கழுத்துல சுருக்குனு ஒரு பிடிப்பு, மூணு வாரம் திரும்ப முடியலை. கேட்டா, ஐயாயிரம் வருஷப் பழக்கம், தப்பாகாதாம். எங்க தாத்தா திருமந்திரம் ஓதறவர். மூன்றாம் தந்திரத்துல யோகம் வருது, ஆனா ஆசனத்தைச் சுருக்கமா முடிச்சுட்டு மூச்சைப் பத்திதான் விரிவா பேசுதும்பார். அமுக்கச் சொல்லி எங்கயும் இல்லையாம்!

அண்ணா, அந்த நாற்காலி வாத்தியார்கிட்ட நான் வரலாமா?

*

தாராளமா வாங்க தம்பி. சாயந்தரம் ஆறு மணிக்கு. ஆனா மத்தியானம் களி சாப்பிட்டிருந்தா நாலு மணி நேரமாவது ஆகியிருக்கணும். வாசல்லயே கேட்பார்.