ஃபைபர் இணைப்புக்குப் பின் ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடுகிறது: அலுவலக இயந்திரத்தில் இணைய ஃபேக்ஸை அமைப்பது எப்படி?

கேள்வி: கரூர் ஆவணப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். கரூரில் மேசை விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒசாகாவில் இருக்கிறார். ஆர்டர் தாள், அளவுத் திருத்தம், பேக்கிங் லிஸ்ட் என எதுவாக இருந்தாலும் அச்சுத் தாளில் பேனாவால் திருத்தி, முத்திரை வைத்து, ஃபேக்ஸில் திருப்பி அனுப்புவதே அவர்களது வழக்கம்.

சென்ற ஆண்டு எங்கள் செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்பு ஃபைபருக்கு மாற்றப்பட்டது. அன்றிலிருந்து முதல் பக்கம் போய்ச் சேருகிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது பக்கத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. இதைச் சொன்னபோது, தங்கள் இயந்திரம் இணைய ஃபேக்ஸையும் ஏற்கும் என்று கூறி ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார்கள். எங்கள் ஜெராக்ஸ் இயந்திரத்திலும் அந்த வசதி இருக்கிறது.

ஓர் இலவச மின்னஞ்சல் கணக்கை அதில் பதிவு செய்து அனுப்பினேன். கடவுச்சொல் சரியாக இருந்தும் சர்வர் ஏற்க மறுத்துவிட்டது. பெறுவதற்கு எங்கள் மேலாளரின் அலுவலக அஞ்சல் பெட்டியைக் கொடுத்தேன். அதுதான் பெருந்தவறாகிவிட்டது. மறுநாள் காலை தாள் தட்டு நிரம்பி, 'இந்தக் கோப்பை அச்சிட இயலவில்லை' என்ற அறிவிப்புகள் தரையெல்லாம் விழுந்து கிடந்தன. இரவில் வந்த கடிதங்கள் எதுவும் மேலாளரின் கணினிக்கு வந்து சேரவில்லை. எதை எப்படி அமைக்க வேண்டும், இயந்திரம் தரும் 'ஓகே' அறிக்கையை அனுப்பியதற்குச் சான்றாக வைத்துக்கொள்ளலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: இயந்திரப் பராமரிப்பாளர், கோவை

வணக்கம் ஐயா. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். இணைய ஃபேக்ஸ் என்பது தொலைபேசி எண்ணைச் சுழற்றுவதே இல்லை. இயந்திரம் தாளைப் படமாக்கி, டிஃப் என்ற வகைப் படக் கோப்பாக ஒரு மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறது. எதிர்முனை இயந்திரம் தன் அஞ்சல் பெட்டியைத் தானே திறந்து பார்த்து அதை அச்சிடுகிறது. 1998இல் டி.37 என்ற பெயரில் வகுக்கப்பட்ட தரம் இதுதான். அதே ஆண்டில் வந்த டி.38 வேறு, அது தொலைபேசி அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஃபேக்ஸ் குறிகளை இணையத்தின் வழியே கடத்துவது. உங்கள் ஃபைபர் பெட்டியோ அதற்கு அப்பாலுள்ள வலையமைப்போ டி.38ஐ ஆதரிக்காமல், ஃபேக்ஸ் ஒலியையும் பேச்சொலியைப் போலவே துண்டு துண்டாக அனுப்புவதால் அழைப்பு அறுகிறது என்றே எண்ணுகிறேன். துண்டுகள் சிறிது தாமதமானாலும் பேச்சில் நமக்குத் தெரியாது. ஃபேக்ஸ் மோடம் அதைத் தாங்காது. சாதாரண எண்களுக்கு அனுப்பும்போது வேகத்தை நொடிக்கு 9,600 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள், ஓரளவு தேறும்.

கடவுச்சொல் மறுக்கப்படுவதற்கு வருகிறேன். வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து வெளிக் கருவிகள் உள்ளே நுழைவதைப் பெரிய சேவைகள் நிறுத்தி வருகின்றன. கூகுளின் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் இந்த வழி மூடப்பட்டது. அங்கே இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, இயந்திரத்துக்கென்று 16 எழுத்துக் கொண்ட செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும். ஆனால், உங்கள் நிறுவனத்தின் சொந்த டொமைனிலேயே (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) ஃபேக்ஸுக்கு மட்டும் தனி அஞ்சல் பெட்டி ஒன்றைத் திறப்பதுதான் நல்லது. இயந்திரம் கடிதத்தை எடுத்துக்கொண்டதும் சர்வரிலிருந்து அழித்துவிடும். மனிதர்கள் படிக்கும் பெட்டியை அதற்குக் கொடுக்கவே கூடாது. மேலாளரின் கடிதங்கள் மறைந்ததற்குக் காரணம் இதுதான்.

அனுப்பும் சர்வருக்கு 587ஆம் போர்ட் (இணைப்பு வாயில் எண்), கடிதங்களை எடுத்துத் தரும் பாப்3 சர்வருக்கு 995ஆம் போர்ட், இரண்டுக்கும் டிஎல்எஸ் எனும் மறையாக்கப் பாதுகாப்பு என்று வையுங்கள். இயந்திரத்தில் பதிந்த அனுப்புநர் முகவரியும் உள்நுழையும் கணக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வேறுபட்டால் பல சர்வர்கள் மறுத்துவிடும். இதையெல்லாம் செய்தும் நுழையவில்லை என்றால் இயந்திரத்தின் தேதியைப் பாருங்கள். மின்தடைக்குப் பின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விட்ட ஓர் இயந்திரத்தில், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்ற பிழையோடு நான் அரை நாள் போராடியிருக்கிறேன். இயந்திரம் பழையது என்றால் டிஎல்எஸ் 1.2 அதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் 2021லேயே கைவிடப்பட்டவை.

பதில் 2: கப்பல் சரக்கு அலுவலகம், சென்னை

மேலே கூறியவர் அமைப்பை முழுமையாகவே விளக்கிவிட்டார். நான் 'ஓகே' அறிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை நம்பி நாங்கள் ஒரு முறை கெட்டோம். தொலைபேசி ஃபேக்ஸில் 'ஓகே' என்று வந்தால், ஒவ்வொரு பக்கமும் கிடைத்தது என்று எதிர்முனை இயந்திரமே குறி கொடுத்திருக்கிறது என்று பொருள். இணைய ஃபேக்ஸில் அதே சொல்லுக்கு, உங்கள் அஞ்சல் சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் பொருளில்லை. எங்கள் திருத்தப்பட்ட பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) வரைவு ஒன்று எதிர்முனையில் குப்பைக் கடிதப் பெட்டிக்குள் போய்விட்டது. எங்களிடம் 'ஓகே' தாள் கோப்பில் பத்திரமாக இருந்தது, ஆனால் பழைய வரைவின்படியே ஆவணம் வெளியாகிவிட்டது.

எனவே முகவரிப் புத்தகத்தில் அந்த ஒசாகா முகவரிக்குப் பெறுதல் உறுதிக் கோரிக்கையை இயக்குங்கள். ஆங்கில எழுத்தில் எம்டிஎன் என்று சுருக்கமாக இருக்கும். எதிர்முனை இயந்திரம் கோப்பைக் கையாண்டதும் ஒரு பதில் கடிதம் வரும்; உங்கள் இயந்திரம் அதைப் பெற்ற பிறகே அறிக்கையின் முடிவு வரியை மாற்றும். சான்றாகக் கோப்பில் வைக்க வேண்டியது அந்த இரண்டாவது அறிக்கையைத்தான். எல்லா இயந்திரங்களும் இந்தப் பதிலைத் தருவதில்லை. ஆகவே அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; தராது என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு வரிக் கடிதத்தில் உறுதி கேளுங்கள்.

இன்னொன்று, தாளின் தரம். எதிர்முனை அடிப்படை முறையில் மட்டும் இயங்கினால் ஏ4 அளவு, கறுப்பு வெள்ளை, சாதாரணம் அல்லது நுண்மை என்ற இரு தெளிவுகள், எம்எச் எனும் ஃபேக்ஸின் எளிய சுருக்க முறை ஆகியவற்றுக்கு மேல் அதனால் படிக்க இயலாது. நீங்கள் அங்குலத்துக்கு 600 புள்ளித் தெளிவில் வண்ணமாக அனுப்பினால் கடிதம் சேர்ந்தும் தாள் வராது. நுண்மையில் ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள் இருப்பதால் பேனாத் திருத்தங்கள் நன்றாகவே தெரியும். இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இருக்காது, ஆதலால் கடிதத்தின் உடலில் தமிழில் எதுவும் தட்டச்சு செய்ய வேண்டாம். தாளிலேயே எழுதினால் படமாக அப்படியே போகும்.

கேட்டவர்: கரூர் ஆவணப் பிரிவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் டொமைனில் தனிப் பெட்டி திறந்து, 587, 995 என்று வைத்தேன். முதலில் சான்றிதழ்ப் பிழைதான் வந்தது. தேதி 2011 என்று இருந்தது. திருத்தியதும் உடனே உள்ளே நுழைந்துவிட்டது. நான்கு பக்க பேக்கிங் லிஸ்ட் நுண்மைத் தெளிவில் ஒரே தடவையில் போனது, பதினோரு நிமிடத்தில் பெறுதல் உறுதியும் வந்தது. ஒன்று மட்டும் மீதி. அவர்கள் அலுவலகம் திறக்கும்போது நமக்கு அதிகாலை ஐந்தரை மணி. இரவில் இயந்திரம் உறங்கும் நிலையில் இருந்தால் ஃபேக்ஸை எடுக்குமா? முகவரி தெரிந்த யாரும் விளம்பரம் அனுப்பித் தாளை வீணாக்க முடியுமா?

பதில் 3: இயந்திரப் பராமரிப்பாளர், கோவை

உறங்கும் நிலையில் எடுக்கும். முழுவதுமாக மின்சாரத்தை நிறுத்தினால்தான் எடுக்காது. அப்போதும் கடிதம் சர்வரிலேயே காத்திருக்கும், ஆனால் உறுதி வரவில்லை என்று அவர்கள் மீண்டும் மீண்டும் அனுப்பக்கூடும். அஞ்சல் பெட்டியைப் பார்க்கும் இடைவெளியை 10 நிமிடமாக வையுங்கள். யாரும் அனுப்பலாம் என்பதும் உண்மைதான். பெறும் அமைப்பில் அனுமதிக்கப்பட்ட அனுப்புநர் என்ற பகுதியைத் திறந்து ஒசாகா நிறுவனத்தின் டொமைனை மட்டும் சேர்த்துவிடுங்கள். மற்றவற்றை இயந்திரம் அச்சிடாமல் தள்ளிவிடும். புதிய வாடிக்கையாளர் வரும்போது அவர் டொமைனைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அவருடைய முதல் ஆர்டர் தாளும் சத்தமில்லாமல் தள்ளப்பட்டுவிடும்.