கதைக்காமல் இருக்கும் இரண்டு சகோதரிகளை எழுதுவது

கேள்வி (கோண்டாவில்):
வணக்கம். வேலிக்கு இருபுறமும் வாழ்ந்துகொண்டு, இருபது ஆண்டுகளாக ஒருவரோடொருவர் கதைக்காமல் இருக்கும் ஓர் அக்காவையும் தங்கையையும் பற்றி நாவல் எழுதி வருகிறேன். தாய்வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. தங்கைக்கென்று சேர்த்து வைத்த நகைகள் 1995 ஒக்டோபரில் போரினால் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய இடப்பெயர்வில் தொலைந்துபோயின. வீட்டில் பாதியாவது தனக்கு வரவேண்டும் என்பது தங்கையின் நியாயம். வாசித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் அக்காவைப் பேராசைக்காரி என்கிறார்கள். நான் மனதில் கண்ட அக்கா அப்படிப்பட்டவள் அல்லள். எங்கே பிழைவிட்டேன்?

பதில் (சாவகச்சேரி):
அக்காவின் சீதன உறுதியை (சீதனப் பத்திரத்தை) ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும், அதன்மேல் வந்த, திருமணச் சொத்துரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் உங்கள் கதைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. சீதனமாக வந்த வீடே ஆனாலும், மணமான பெண் தன் உயிருள்ள காலத்தில் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. அப்படியானால், பாதியைக் கொடுக்க விரும்பும் அக்கா, கணவர் கையெழுத்து வைக்க மறுப்பதைத் தங்கையிடம் சொல்வதைக் காட்டிலும், பேராசைக்காரி என்ற பெயரை வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம் அல்லவா? கணவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வழியுண்டு. ஆனால் தங்கைக்காகப் புருஷனை நீதிமன்றப் படியேற்ற அவள் துணிவாளா என்பதுதான் நாவலின் நடுப்பகுதி என்று நான் நினைக்கிறேன்.

பதில் (வட்டுக்கோட்டை):
மேலே சொன்னது சரியே. ஆயினும் இதையெல்லாம் பாத்திரங்களின் வாயால் விளக்க வைத்துவிடாதீர்கள். பிரிக்கமுடியாத ஒரு பொருளை அவர்களுக்கு நடுவில் வையுங்கள். எங்கள் அம்மம்மாவின் வளவில் பங்குக் கிணறு ஒன்று இருந்தது. இரு பக்கத்திலிருந்தும் வந்த கிடுகுவேலி கிணற்றுக் கட்டோடு நின்றுவிடும். ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு வாளி. அடுத்த பக்கத்துச் சின்னம்மா அள்ளி முடித்துப் போகும்வரை அம்மம்மா குசினி வாசலில் காத்திருப்பார். ஒரு நாள் விடிந்து வெகுநேரமாகியும் அந்தப் பக்கத்துக் கப்பிச் சத்தம் கேட்கவில்லை. வாளியைக் கையில் பிடித்தபடி நின்றவர், என்னைக் கூப்பிட்டு, "ஓடிப்போய்ப் பார்த்துவா, நான் அனுப்பினது என்று சொல்லாதை" என்றார். அவர்களுக்குள் இருந்த பகையையும் பாசத்தையும் நான் விளங்கிக்கொண்டது அந்த ஒரு வசனத்தில்தான்.

பதில் (கரவெட்டி):
ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: செத்தவீட்டில் இருவரையும் கட்டிப்பிடித்து அழவைத்துக் கதையை முடிக்காதீர்கள். செத்தவருக்குச் செய்யும் எட்டுச் செலவு, அந்தியேட்டி ஆகிய சடங்குகளுக்கு யார் காசு கொடுத்தது என்பதில் பகை இன்னும் இறுகுவதையே நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. என் பிரதியில் அக்காவின் கணவர் கனடாவிலிருந்து காசு அனுப்புபவராக மூன்று இடங்களில் மட்டுமே வருகிறார். அவரை முழுமையாகத் திருப்பி எழுதப்போகிறேன். கையெழுத்து வைக்கமாட்டேன் என்று அவர் தொலைபேசியில் சொல்லும் இடத்தை அக்காவின் பார்வையில் எழுதுவதா, அல்லது விறாந்தையில் படித்துக்கொண்டிருக்கும் மகளுக்குத் தாயின் பதில்கள் மட்டும் கேட்பதாக எழுதுவதா? எனக்கு இரண்டாவதிலேயே மனம் போகிறது. எழுதியவர்கள் சொல்லுங்கள்.